முதல் கழுவல்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் எங்கள் டிரெஸ்ஸிங் அறைக்கு ஒரு சைக்கிள்காரராவது வந்துவிடுவார். விடியும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாக மாமல்லபுரம் பக்கம் மிதிப்பவர்கள். முன்னால் போனவர் சட்டென்று பிரேக் பிடித்திருப்பார், இல்லையென்றால் சாலையோர மணலில் சக்கரம் வழுக்கியிருக்கும். முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று ஒரே பக்கமாகத் தோல் உரிந்திருக்கும். எந்தப் பக்கம் விழுந்தார் என்று கேட்கவே வேண்டாம்.

நான் முதலில் தலையைப் பார்ப்பேன். ஹெல்மெட் விரிசல் விட்டிருக்கிறதா, விழுந்தது நினைவிருக்கிறதா, வாந்தி வந்ததா. அடுத்து காறை எலும்பையும் மணிக்கட்டையும் தொட்டுப் பார்ப்பேன். கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு அவைதான் முறியும். சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம். தோல் காத்திருக்கும்.

அதன் பிறகுதான் எல்லோரும் பயப்படும் வேலை, கழுவுவது. சலைனைத் தாராளமாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் குடிக்கத் தகுந்த குழாய்த் தண்ணீரே போதும். ஈரமான காஸைக் கையில் சுற்றி, உரிந்த இடத்தை ஒரே சீராகத் தேய்ப்பேன். போகாத கல்லை ஃபோர்செப்ஸால் எடுப்பேன். மேலோட்டமான சிராய்ப்புதான் அதிகம் எரியும், நரம்பு நுனிகள் திறந்து கிடப்பதால். "வலிக்கலை சிஸ்டர்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கவலை. காயம் ஆழமாக இருக்கலாம். சின்ன இடமென்றால் லிக்னோகெய்ன் ஜெல்லி தடவிக் கொஞ்சம் பொறுத்துத் தொடங்குவேன். தொடை முழுக்க உரிந்தவருக்கு அதைப் பூச மாட்டேன். மருந்து ரத்தத்தில் ஏறிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரிப் பையன் கத்திய கத்தலில் மனம் இளகி, பாதியிலேயே நிறுத்திக் கட்டுப் போட்டுவிட்டேன். காயம் ஆறிவிட்டது. ஆனால் தார்த் துகள்கள் தோலுக்குள்ளேயே தங்கி, கன்னத்தோரம் பச்சை குத்தியதுபோல நீலப் புள்ளிகளாக நின்றுவிட்டன. புதுத் தோல் மூடிய பிறகு அவற்றை எடுக்க லேசர்தான் வேண்டும். அன்றிலிருந்து "போதும் அக்கா" என்று யார் கெஞ்சினாலும் கடைசிக் கறுப்பு போகும்வரை நான் விடுவதில்லை. இடையில் மூச்சு வாங்க நேரம் தருவேன், அவ்வளவுதான்.

கழுவி முடித்ததும் அடுத்த சண்டை. கூட வந்த அம்மா கட்டாயம் சொல்வார்: "கட்டுப் போடாதீங்க சிஸ்டர், காத்துப் படட்டும். காஞ்சா சரியாப் போயிடும்." குறை சொல்ல மாட்டேன், நானே பல வருடம் பவுடரைத் தூவி அனுப்பியவள்தான். ஆனால் ஈரமாக மூடி வைத்த புண்ணில் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மூடுகிறது என்று ஜார்ஜ் விண்டர் பன்றிகளிடம் சோதித்து 1962ல் 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். பொருக்குக் கட்டினால் புதுத் தோல் அதற்கு அடியில் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது. முழங்கால் மடக்கும்போதெல்லாம் அந்தப் பொருக்கு வெடிக்கவும் செய்யும்.

அதனால் வாஸ்லின் போன்ற பாராஃபின் ஊறிய வலைத் துணி, அதன் மேல் காஸ் மெத்தை, அதற்கு மேல் ரோலர் பேண்டேஜ். இந்த வலைத் துணியை உருவாக்கியவர் அகஸ்ட் லூமியேர், தம்பியோடு சேர்ந்து சினிமாவைக் கொண்டுவந்த அதே பிரெஞ்சுக்காரர். பசைபோல ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு அருமையான பொருள்தான். ஆனால் நம்மூர் வெயிலில், வியர்வை வழியும் இடுப்பில், அது சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடுகிறது. முழங்கையை மடக்கிய நிலையிலேயே எட்டுப் போட்ட மாதிரி சுற்றுவேன். நீட்டிவைத்துக் கட்டினால் சோற்றில் கைவைக்கும்போதே நழுவும்.

தார் ரோட்டு அழுக்குப் பட்ட காயம் என்பதால், கடைசி டி.டி. ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தால் இன்னொன்று. நேற்றுப் போட்டவரும் கை நீட்டுவார், அவருக்கு வேண்டாம்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது மஞ்சளாக ஒரு படலம் இருக்கும். சீழ் என்று அலறுவார்கள். பெரும்பாலும் அது புண் கசிந்து படிந்ததுதான். சுற்றிலும் சிவப்பு பரவுவது, சூடு, நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலி, காய்ச்சல், இவைதான் பயப்பட வேண்டியவை. ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சலைனில் நனைத்துக் காத்திருந்தால், அடியில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு முடிக்காலிலிருந்தும் தோல் முளைத்துப் பரவுகிறது. இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

போன மாதம் விழுந்த ஒரு தம்பிக்குப் பத்தாம் நாள் கட்டை எடுத்தேன். நம் நிறத்துக்குக் கறுப்புத் தழும்பு சீக்கிரம் விழும், சில மாதம் வெயில் படாமல் மூடிக்கொள் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"எப்பக்கா ஓட்டலாம்?"

"முழங்காலை முழுசா மடக்கு பார்ப்போம்."

மடக்கினார். புதுத் தோல் வெளுத்து, நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டது. ஒன்றும் சொல்லாமல் மறுபடி வலைத் துணியை வெட்டத் தொடங்கினேன்.