டர்ர்... டக்... - ஒரு பலாப்பலகையும் பம்புசெட்டு வைத்தியமும்

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர், பொறுத்துக்கங்க.

ஒரத்தநாடு பக்கம் எங்க ஊர். 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வந்தப்ப, கொல்லையில அப்பாயி வச்சு வளர்த்த பலாமரம் வேரோட சாஞ்சுது. தென்னை போன துக்கத்துல பலாவைப் பத்தி யாரும் பேசல. அப்பா மட்டும் அதுல ஒரே ஒரு பலகை அறுத்து பரண்ல போட்டு வச்சிருந்தார். தஞ்சாவூர் வீணையே பலாமரத்துலதான் செய்யிறாங்க (2013-ல புவிசார் குறியீடு வாங்கின வீணையாச்சே). நமக்கு அவ்வளவு சரக்கு இல்ல. அப்பாயிக்கு அதுல ஒரு பல்லாங்குழி செஞ்சு தரணும்னு ஆசை.

அதுக்காகவே கிட் வாங்கி சித்திரையில ஒரு சி.என்.சி. ரூட்டர் மாட்டினேன். (வைஃபை ரூட்டர் இல்லைங்க, மரத்தைக் குடையிற மெஷின்!) கோடை பூரா வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ஐப்பசி பொறந்ததும் ஆரம்பிச்சது சனி. தலை இடது கோடிக்குப் போறப்ப 'டர்ர்... டக்... டர்ர்'னு சத்தம், ஒரே உதறல். பழைய பிளைவுட்ல சோதனை ஓட்டினா, ரெண்டாவது வரிசைக் குழியெல்லாம் 3 மி.மீ. தள்ளி விழுந்திருக்கு.

இந்த ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுத்துக்கு 200 அடி எடுத்து வைக்கும். நடுவுல சிக்கி நாலு அடி தவறினா அது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. திருப்பிச் சொல்ல ஆளில்லை. அது பாட்டுக்கு தப்பான இடத்துல குடைஞ்சுட்டே போகும். இருக்கிறதோ ஒத்தப் பலகை. கெட்டா வேற மரம் கிடையாது.

பொட்டி தட்டுறவன் புத்தி எங்க போகும்? வேகத்தைக் குறைச்சேன், ஆக்சிலரேஷனைக் குறைச்சேன், டிரைவர்ல கரண்டை ஏத்தினேன். மோட்டார் தொட்டா சுடுது, சத்தம் மட்டும் போகல. மூணு ராத்திரி போச்சு. பல்புதான்.

நாலாவது நாள் அடைமழை. வயலுக்குப் போகாத அப்பா திண்ணையிலிருந்தே கேட்டுட்டு உள்ள வந்தார். மேட்டூர்ல தண்ணி திறந்தாலும் திறக்காட்டியும் எங்களுக்கு போர்செட்டுதான் கைகொடுக்கும். மோட்டார் வைத்தியம் அவருக்கு அத்துப்படி. நீள ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல வச்சு, கைப்பிடியைக் காதுல வச்சார்.

"இதுல ஒண்ணுமில்ல." அடுத்து பேரிங் மேல. "இங்கதாண்டா கத்துது. ஏந்தம்பி, எல்லா எடத்துலயும் கத்துதா, ஒரே எடத்துலயா?"

மூணு ராத்திரியா நான் கேக்காத கேள்வி!

கப்ளிங்கைக் கழட்டி லீட் ஸ்க்ரூவைக் கையால சுத்தினோம். தண்டு வளைஞ்சிருந்தா சுத்துக்கு ஒரு தடவை பிடிக்கணும். மரத்தூள் அடைஞ்சிருந்தா வழி நெடுக இழுக்கணும். இது நடுவுல லேசு, இடது கோடியில ஒரு சாண் மட்டும் இறுக்கம். அப்ப நட்டும் பேரிங்கும் ஒரே நேர்கோட்டுல இல்லைன்னு அர்த்தம். தலை நடுவுல இருக்கிறப்ப நீளத் தண்டு கொஞ்சம் வளைஞ்சு கொடுத்துடும், கோடிக்கு வந்தா வளைய இடமில்ல.

நட்டோட ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, தலையைக் கோடிக்குக் கொண்டுபோய், அங்கேயே முடுக்கச் சொன்னார். இடது சரியாச்சு, வலது இறுகிடுச்சு! அப்ப நட்டு மேல குத்தமில்ல. இடது பேரிங்கேதான் எடம் மாறியிருக்கு.

"சித்திரையில நல்லாத்தானப்பா இருந்துச்சு?"

"நம்ம நெலக்கதவு மாசியில எப்படி இருக்கு, ஐப்பசியில எப்படி இருக்கு?"

பேரிங் உக்காந்திருந்தது எம்.டி.எஃப். பலகை மேல. சுவரோரம் மழை ஈரம் குடிச்சு ஊதியிருக்கு. வெர்னியர் வச்சுப் பார்த்தா 18 மி.மீ. பலகை அந்த மூலையில மட்டும் 18.6. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் அப்படியே உக்காந்துட்டேன்.

தஞ்சாவூர் லேத் பட்டறையில அலுமினியத் தகடு வெட்டி வாங்கி மாட்டினோம். நட்டைத் திரும்ப நேராக்கினதும் தண்டு ரெண்டு விரல்ல சுத்துச்சு. கரண்டையும் பழையபடி இறக்கியாச்சு. பிளைவுட்ல ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டுத்தான் பலாவை ஏத்தினேன். பதினாலு குழி முடியிற வரைக்கும் அப்பா பக்கத்துலயே நின்னார், காதை மட்டும் கொடுத்துக்கிட்டு. நான் மெஷின் வாங்கினப்ப "வெட்டிச் செலவு"ன்னு சொன்ன அதே அப்பா.

அப்பாயி மஞ்சப் பலகையைத் தடவிப் பார்த்துச்சு. "கொல்லைப் பலாவா?" அவ்வளவுதான் கேட்டுச்சு. அப்புறம் புளியங்கொட்டை எடுத்துட்டு வரச் சொல்லுச்சு.

டிஸ்கி: முதல் ஆட்டத்துலயே நான் காலி. பின்னூட்டத்துல கிண்டலடிக்காதீங்கப்பா :-)