காப்பி நல்லதா, ஹஜ்ரத்?

"காப்பி குடித்தால் சர்க்கரை நோய் அண்டாதாமே ஹஜ்ரத், உண்மையா?" சென்ற வாரம் ஜும்ஆ தொழுகைக்குப் பின் சகோதரர் ஒருவர் கைபேசியைக் காட்டி நம்மிடம் இவ்வாறு வினவினார்.

அண்ணனூரில் இக்கேள்வி எழுவது இயல்பே. ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் பணிக்குச் செல்வோர் நிறைந்த ஊர் இது. சுப்ஹு தொழுதுவிட்டு ரயிலுக்கு விரைவோரின் வீடுகளில் பெரும்பாலும் காப்பியே காலை உணவாகிவிடுகிறது.

காப்பியும் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ரின்போது உறக்கம் வராதிருக்க இதனை அருந்தினர். 1511இல் மக்காவில் காயிர் பேக் என்னும் அதிகாரி உலமாக்களைக் கூட்டி இதற்குத் தடை விதித்தபோது, காப்பி உடலுக்குத் தீங்கு என மருத்துவர்களும் சாட்சி கூறினர். பின்னர் கெய்ரோவிலிருந்து வந்த ஆணையால் அத்தடை தளர்ந்தது. காப்பி ஆகுமானது என்ற கருத்தே நிலைபெற்றது. பாபா பூதன் அவர்கள் ஏழு விதைகளைச் சிக்கமகளூர் மலைக்குக் கொணர்ந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இன்றைய மருத்துவர்களின் சாட்சி வேறு. 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், 201 தொகுப்பாய்வுகளை ஒருங்கே ஆராய்ந்த கட்டுரை வெளியானது. நாளொன்றுக்கு மூன்று நான்கு கோப்பை அருந்துவோரிடம் கல்லீரல் நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாகக் காணப்பட்டதாக அது கூறியது. காணப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். காப்பியே அதற்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. மேலும், நம் தம்ளரில் இருப்பது பாலும் இரண்டு கரண்டிச் சீனியும். கடைத்தூளில் 49 விழுக்காடு வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது. அந்தச் சீனியோடு நாளுக்கு நான்கு தம்ளர் குடித்துவிட்டு நீரிழிவு விலகும் என நம்புவது நமக்குச் சரியாகப்படவில்லை.

நம்மை வருத்துவது வேறொன்று. காலை மக்தபில் யாசர்னல் குர்ஆனை விரித்த சிறிது நேரத்தில் சில பிள்ளைகள் துவண்டுவிடுகின்றனர். "என்னம்மா சாப்பிட்டாய்?" என்றால், "காப்பி மட்டும்தான் ஹஜ்ரத்" என்பதே விடை. காப்பி பசியை மறைக்கும், உணவாகாது. உணவோடு சேர்த்து அருந்தினாலோ, அதிலுள்ள பொருள்கள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுக்கின்றன. (தேநீர்ப் பிரியர்கள் மகிழ வேண்டா, அதுவும் இதையே செய்கிறது.) தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் நிலையில், நம் வீட்டுப் பெண்மக்களை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் தந்த வழிகாட்டுதல் எளிது: உணவுக்கு ஒரு மணிநேரம் முன்பும் பின்பும் காப்பி, தேநீர் வேண்டா, நாளுக்கு 300 மில்லிகிராம் கஃபீனுக்கு மிகலாகாது. 150 மில்லி வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் உண்டு. ஆக, பெரியவர்களுக்கு இரண்டு தம்ளர் போதும். கருவுற்ற சகோதரிகள் இன்னும் குறைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு, இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ கொடுத்து அனுப்புங்கள்.

நோன்பின் முதல் நாள்களில் பலருக்கு வரும் தலைவலிக்கும் காப்பியைத் திடீரென நிறுத்துவது ஒரு காரணம். ஷஃபான் பிறந்ததும் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால், இன்ஷா அல்லாஹ், அது பெருமளவு தணியும்.