இந்த வயதில் பேய்ப் படம்

பேரன் போன தடவை வந்தபோது, ஓடிடியை எப்படித் திறப்பது என்று ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அதன் பலன், ஒரு மாதமாக நானும் என் மனைவியும் பேய்ப் படங்களும், பேயே இல்லாமல் மனதைப் பிசைகிற படங்களுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாமெல்லாம் பார்த்து வளர்ந்த பேய் வேறு. 1966-இல் வந்த சத்யத்தின் 'யார் நீ?' படத்தை எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளைப் புடவையில் ஜெயலலிதா வந்தபோது பக்கத்திலிருந்தவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கடைசி ரீலில் எல்லாம் மனிதர் செய்த சூழ்ச்சி என்று தெரிந்துவிடும். அடுத்த வருடம் வந்த 'அதே கண்கள்' படத்திலும் பயமுறுத்தியது மனுஷன்தான். இருட்டில் வீட்டுக்கு நடந்து வர அந்த நிம்மதி போதும்.

இப்போதைய தமிழ்ப் பேய்களில் சுந்தர்.சி-யின் 'அரண்மனை 4' பார்த்தோம். பாட்டு, சிரிப்பு, தமன்னா, எதிலும் குறையில்லை. ஆனால் பேய் வரும் முன்பே சத்தம் வந்துவிடுகிறது. ரிமோட்டில் வால்யூமைக் குறைப்பதும் கூட்டுவதுமாகப் பொழுது போயிற்று. பயம் வரவில்லை.

பயம் மலையாளத்திலிருந்து வந்தது. ராகுல் சதாசிவனின் 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கருப்பு வெள்ளை. 17-ஆம் நூற்றாண்டு மலபார். தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் பாழடைந்த ஒரு பெரிய இல்லத்துக்குள் நுழைகிறான். அங்கே இருப்பது கொடுமோன் போற்றியாக மம்மூட்டி, கூட ஒரு சமையல்காரன். போற்றி அவனைப் பகடையாடக் கூப்பிடுகிறார். பணயம் பணமல்ல, அவனுடைய காலம். ஓய்வு பெற்றவன் கையில் மிச்சமிருக்கும் ஒரே முதல் அதுதானே! பேய் எதுவும் வராத அந்தக் காட்சியில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எழுபதைத் தாண்டிய மனிதர் அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தாரோ.

அதே இயக்குநரின் முந்தைய படம் 'பூதகாலம்' (2022). இதில் ரேவதி. 1983-இல் 'மண்வாசனை'யில் பார்த்த பெண், இங்கே மனச்சோர்வோடு போராடும் ஆசிரியை. வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம். வாடகை வீடு. படுத்த படுக்கையாக இருந்த பாட்டி தொடக்கத்திலேயே இறந்துபோகிறாள். அதன்பின் மகனுக்கு வீட்டில் ஏதோ தட்டுப்படுகிறது. சொன்னால் யாரும் நம்புவதில்லை, அவன் மனசு சரியில்லை என்கிறார்கள்.

படம் முடிந்தும் என் மனைவி எழுந்திருக்கவில்லை. என் அம்மாவை மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் அவள். அப்போது எனக்குச் சேலத்தில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன்.

"அத்தை போனப்புறமும் ஆறு மாசத்துக்கு, ராத்திரி ரெண்டு மணி வாக்குல என் பேரைச் சொல்லிக் கூப்பிடுற மாதிரியே கேக்கும். எழுந்து போய்க் கட்டிலைப் பார்த்துட்டு வந்து படுப்பேன்" என்றாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

இருபத்திரண்டு வருடம் கழித்து, ஒரு படத்தின் தயவில் இதைக் கேட்கிறேன். டிவியை அணைத்துவிட்டு இருவரும் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டே உட்கார்ந்திருந்தோம்.

அடுத்துப் பார்த்தது 'உள்ளொழுக்கு' (2024). பேய் கிடையாது. குட்டநாட்டில் வெள்ளம். இறந்த மகனைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யத் தண்ணீர் வடியும்வரை காத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மாமியார் ஊர்வசி, மருமகள் பார்வதி. ஊர்வசியும் அதே 1983-இல் 'முந்தானை முடிச்சு' மூலம் நமக்கு அறிமுகமானவர்தான். அந்தக் குறும்புக்காரப் பெண்ணா இது என்று அடிக்கடி நினைத்துக்கொண்டேன். சத்தமாக ஒரு வார்த்தை பேசாமல் முகத்தாலேயே படத்தைத் தூக்கிச் சுமக்கிறார்.

இந்தப் படத்தில் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. மகனுடைய நோயை மறைத்துக் கல்யாணம் செய்தது அநியாயம், மருமகள் என்ன செய்தாலும் கேட்க யாருக்கும் உரிமையில்லை என்றேன் நான். அவள் அதை மறுக்கவில்லை.

"நியாயம் எல்லாம் சரிங்க. பையனும் போயாச்சு, இவளும் கிளம்பிட்டா அந்தம்மாவோட அந்த வீட்ல யார் இருக்கா? தண்ணிதான் இருக்கு" என்றாள்.

எங்கள் மகனும் மருமகளும் பெங்களூரில். அதற்குமேல் நான் வாதாடவில்லை, தோசை வார்க்கச் சொல்லிவிட்டேன்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: 'பிரமயுகம்' விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். 'பூதகாலம்' தனியாகப் பார்க்க வேண்டாம். 'உள்ளொழுக்கு' பகலில் பார்ப்பது உத்தமம், அன்று ராத்திரி தூக்கம் வராது. அடுத்தது 'தும்பாட்' என்று பேரன் போனில் சொல்லியிருக்கிறான். இந்தி எனக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.