32ஆம் பிரிவும் இரு பரப்புரைகளும்

1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்துக்கு மாற்றாக 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தபோது, அதன் 32ஆம் பிரிவு போலி மருத்துவர்களுக்கு உரிமம் தருகிறது என்று எதிர்த்த இந்திய மருத்துவச் சங்கம், அவ்வாண்டு ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது. அரசுத் தரப்போ கிராமப்புற மருத்துவர் பற்றாக்குறைக்கு அப்பிரிவைத் தீர்வாக முன்வைத்தது.

இரண்டையும் உரசிப் பார்க்கச் சட்ட வாசகமே போதும். சமுதாய நலவாழ்வு வழங்குநர், அதாவது முழு மருத்துவப் பதிவு இல்லாமல் வரம்புக்குட்பட்ட உரிமம் பெறுபவர், நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடையவராக இருக்க வேண்டும். முதல்நிலை, தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை மட்டுமே அவர் தாமாகப் பரிந்துரைக்கலாம். மற்றவற்றுக்குப் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வை தேவை. இத்தகையோரின் எண்ணிக்கை பதிவுபெற்ற மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பதிவின்றி மருத்துவம் பார்ப்போருக்கான அபராத உச்சத்தை 1,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியதும் இதே சட்டத்தின் 34ஆம் பிரிவுதான். ஆயினும், தகுதியை வரையறுக்கும் பொறுப்பைச் சட்டம் பின்னர் வரும் ஒழுங்குமுறைகளுக்கு விட்டதால், மருத்துவர்களின் அச்சத்தை வெறும் பொய் என்று தள்ளுவது நேர்மையன்று.

அரசின் வாதத்தைத் தாமிரபரணிப் படுகையில் வைத்துப் பார்ப்பது நலம். பாளையங்கோட்டையில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்க, காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழியில் வாழும் காணிப் பழங்குடி மக்களுக்கு மருத்துவரின் மேற்பார்வை எவ்வழியில் எட்டும் என்பதற்கு 32ஆம் பிரிவில் விடை இல்லை. (உண்மையில் விவாதிக்கப்பட வேண்டியிருந்தது இதுவே.) எந்தத் தரப்பின் முழக்கத்தையும் பகிரும் முன், 32, 34ஆம் பிரிவுகள் இரண்டையும் ஒருமுறை முழுமையாக வாசியுங்கள்.