ஓடுகிறது, குளிரவில்லை

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் எங்கள் கரையோரக் கிராமங்களில் வேறு பேச்சு இராது. மேற்கே மலைகளில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் அந்தக் காற்று வயலையும் வளவையும் மனிதரையும் ஒன்றாகவே உலர்த்தும். ஓலைக் கூரைகள் இருந்த காலத்தில் வேப்பமர நிழலும் ஒரு விசிறியும் போதுமாயிருந்தன. கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீட் வந்தது. பின்னர் மின்விசிறி வந்தது. அது சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது என்று கண்டபின், கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தில் ஏசி வந்தது. ஏசியுடன் ஒரு புதிய முறைப்பாடும் ஊருக்குள் வந்து சேர்ந்தது. "ஏசி ஓடுது, ஆனாக் குளிரல்ல."

இந்த முறைப்பாட்டுக்கு ஊரில் ஒரேயொரு பதில்தான் உண்டு. "கேஸ் முடிஞ்சி." காய்ச்சலென்று போனால் எல்லோருக்கும் ஒரே வில்லையைக் கொடுக்கும் வைத்தியரைப் போல, திருத்த வருகிறவர் ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். அரை மணித்தியாலத்தில் கேஸ் ஏறும், பணம் கைமாறும். இரண்டு மாதம் கழித்துப் பழையபடி அதே முறைப்பாடு.

என் ராத்தாவின் வீட்டிலும் இதுதான் நடந்தது. எங்கள் பகுதி வழக்கப்படி உம்மா மகளோடுதான் இருக்கிறார். 2018இல் பாரிசவாதம் வந்து அவரது வலப்பக்கம் விழுந்துவிட்டது. படுத்த படுக்கையானவருக்கு வெயிற்காலத்தில் வியர்வை ஊறி முதுகில் புண் வரும், அறையைக் குளிர்ச்சியாக வைத்திருங்கள் என்று வைத்தியர் சொன்னார். அடுத்த வருடம் டோஹாவிலிருக்கும் என் தம்பி பணம் அனுப்ப, 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகுள்ள ஓர் ஏசி உம்மாவின் அறைச் சுவரில் ஏறியது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தபோது அதுவும் சும்மா கிடந்தது. உம்மாவை விறாந்தைக்குத் தூக்கி வந்து முறைவைத்து விசிறினோம். 2023 கச்சானில் மின்சாரம் தாராளமாக இருந்தது. ஏசியும் இரவு பகலாக ஓடியது. உம்மா மட்டும், "மனே, இது காத்து ஊதுது, குளிரக் காணல்லயே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரது கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்திருந்தது.

குளிராத ஏசி சும்மா நிற்கும் ஏசியை விடக் கெட்டது. அறை சொன்ன அளவுக்குக் குளிர்ந்தால் வெளியிலுள்ள கம்பிரசர் இடைக்கிடை ஓய்வெடுக்கும். குளிராவிட்டால் அது நிற்கவே நிற்காது. இந்த அளவு ஏசி ஒன்று மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரத்தைத் தின்னும். நாளுக்குப் பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 300 அலகு. 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் கூட்டப்பட்டிருந்த நேரம் அது. மின்பட்டியலைப் பார்த்து மச்சான் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமலிருந்ததுதான் ராத்தாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அந்த வருடத்தில் அதற்குள் இரண்டு முறை கேஸ் அடித்தாயிற்று. மூன்றாவது தடவைதான் என்னையும் வரச் சொன்னார்.

வந்த இளைஞர் நல்ல பிள்ளைதான், மரியாதையாகப் பேசினார்.

"கேஸ் முடிஞ்சி சேர்."

"எங்க போகுது தம்பி?"

"ஓட ஓட முடியிறதானே சேர். மோட்டச் சைக்கிளுக்குப் பெற்றோல் மாதிரி."

இந்தப் பெற்றோல் உவமை எங்கள் ஊரில் எத்தனை ஆயிரம் ரூபாவைக் கரைத்திருக்கும் என்று கணக்கெடுக்க முடியாது. ஏசியின் கேஸ் எரிவதில்லை, தேய்வதுமில்லை. செப்புக் குழாய்க்குள் அடைபட்டு, திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டேயிருக்கும். குழாயில் ஓட்டையில்லாவிட்டால் அந்தக் கேஸ் இயந்திரத்தின் ஆயுள் வரை கிடக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்பதுதான் பொருள். ஒழுக்கைத் தேடாமல் கேஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது.

ஆசிரியர் கலாசாலையில் விஞ்ஞானம் கற்ற நாட்களில் மறைவெப்பம் பற்றிப் பாடக்குறிப்பு எழுதியிருக்கிறேன். அதை விளங்கப்படுத்த எங்கள் வீடுகளில் மண்கூசாவை விட நல்ல உபகரணம் இல்லை. கூசாவின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளேயிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஏசியும் கூசாவின் உறவுதான். அறைக்குள்ளிருக்கும் சுருளில் திரவம் ஆவியாகி அறையின் சூட்டை உறிஞ்சுகிறது. கம்பிரசர் அந்த ஆவியை நெருக்கி வெளிச் சுருளுக்குத் தள்ளுகிறது. அங்கே அது சூட்டைக் கக்கிவிட்டு ஒடுங்கித் திரவமாகிறது. குளிரை யாரும் உற்பத்தி செய்வதில்லை. சூடு உள்ளேயிருந்து வெளியே சுமந்து செல்லப்படுகிறது, அவ்வளவே. ஆகவே ஏசி குளிரவில்லையென்றால் கேட்க வேண்டிய கேள்வி, சூடு போகும் வழியில் எங்கே தடை என்பதுதான். கூசாவின் வெளிப்புறத்தில் பாசி பிடித்துத் துவாரங்கள் அடைபட்டால் தண்ணீர் குளிராது. அப்போது உம்மா கூசாவைக் குறை சொல்லமாட்டார், தும்பும் மணலும் போட்டுத் தேய்ப்பார்.

இளைஞரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த வெப்பமானியை எடுத்தேன். ரிமோட்டில் பனிப்பூ அடையாளமும் 24உம் இருந்தன. விசிறி அடையாளத்தில் கிடந்தால் வெறும் காற்றுத்தான் வரும்; சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். ஏசிக்குள் போகும் காற்று 31 பாகை, வெளியே வரும் காற்று 27 பாகை. நல்ல நிலையிலுள்ள ஏசியில் இந்த இடைவெளி எட்டிலிருந்து பன்னிரண்டு பாகை வரை இருக்கும். இங்கே நாலு.

முன்மூடியைத் தூக்கினால் இரண்டு வலைத்தட்டுகள். வலை தெரியவில்லை, ஒரு சாம்பல் நிறக் கம்பளம்தான் தெரிந்தது. தலையணைப் பஞ்சு, கச்சான் புழுதி, அதற்கு மேல் பிசின் போல ஒட்டிய ஒரு கறுப்பு. அது சாம்பிராணிப் புகை. நோயாளியின் அறையென்று ராத்தா ஒவ்வொரு வியாழன் மாலையும் புகை போடுவார். கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டினோம். 27 பாகை 26 ஆனது. காற்று பலமாக வந்தது. ஆனால் அது போதாது.

பின்பக்கம் போனோம். வெளி இயந்திரம் கடலைப் பார்த்த சுவரில், தகர வேலிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒரு முழ இடைவெளியில் இருந்தது. கக்கிய சூட்டையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருந்தது. அலுமினியத் தகடுகள் உப்புக் காற்றில் வெளுத்து, விரல் பட்டால் பப்படம் போல நொறுங்கின. விசிறி சுழன்றது, கம்பிரசரும் இரைந்தது. இதுவும் கவனிக்க வேண்டிய இடம். கடந்த வருடம் எங்கள் பாடசாலைக் கணினி அறையில் உள்ளே காற்று வர, வெளியே "ம்ம்" என்ற முனகல் மட்டும் கேட்டது. அங்கே பழுதானது கப்பாசிட்டர் என்ற சின்னச் சாமான். அதை மாற்றியதோடு விடயம் முடிந்தது. (மின்னை நிறுத்திய பின்பும் அதற்குள் மின்னேற்றம் தேங்கியிருக்கும், அறியாதவர் கைவைக்கக் கூடாது.)

ராத்தாவின் ஏசியிலோ அடையாளம் வேறு. சுவரிலிருந்து வரும் இரண்டு செப்புக் குழாய்களில் தடித்தது குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். அது உலர்ந்திருந்தது. மெல்லிய குழாய் திருகாணியில் பூட்டப்படும் இடத்தில் வெள்ளையாக உறைபனி. வலைத்தட்டின் அழுக்கினாலும் பனி உறையும், ஆனால் அப்போது தடித்த குழாயும் சேர்ந்து வெளுக்கும். தட்டைக் கழுவிய பிறகும் மெல்லிய குழாயில் மட்டும் பனி நின்றால் கேஸ் குறைவு. ஆக, இளைஞர் சொன்னது பொய்யில்லை, கேஸ் குறைந்துதான் இருந்தது. அது எங்கே போனது என்பதைத்தான் அவர் தேடவில்லை. திருகாணிக்குக் கீழே ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. கேஸுடன் கம்பிரசரின் எண்ணெயும் சுற்றுவதால், கேஸ் ஒழுகும் இடத்தில் இப்படிக் கறை விழுவதுண்டு.

அதற்கு மேல் என் படிப்பு உதவாது. பதினொரு வருடம் கட்டாரில் இந்த வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட என் பழைய மாணவன் ஒருவனுக்கு அழைப்பெடுத்தேன். வந்தவன் முதலில் சவர்க்கார நுரையைத்தான் கரைத்தான். திருகாணியில் பெரிய குமிழ், வெளிச் சுருளின் வளைவொன்றில் ஊசிமுனையளவு குமிழ். "உப்பு திண்டிரிக்கி சேர்" என்றான். மிஞ்சியிருந்த கேஸை வெளியில் விடாமல் சிலிண்டரொன்றில் இழுத்தெடுத்தான். ஆர் 410 ஏ என்ற அந்தக் கேஸ் காபனீரொட்சைட்டைப் போல இரண்டாயிரம் மடங்கு புவியைச் சூடாக்க வல்லது. ஒழுக்கை ஒட்டி, நைதரசனை அழுத்தி ஓர் இரவு விட்டான். காலையில் அழுத்தம் குறைந்திருக்கவில்லை. பின்னர் பம்பு வைத்து முக்கால் மணித்தியாலம் குழாயிலிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினான்.

"இதச் செய்யாம கேஸ் அடிச்சா உள்ளுக்குக் காத்தும் சேந்து சுத்தும் சேர். புறகு எப்பிடிக் குளிரும்?"

அதன் பிறகுதான் தராசை வைத்தான். இயந்திரத்தின் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறது, அதையே நிறுத்து ஏற்ற வேண்டுமாம். ஆர் 410 ஏ இரண்டு கேஸ்கள் பாதிக்குப் பாதி கலந்த கலவை. சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாகவே ஏற்றாவிட்டால் கலவை மாறிவிடும். முன்னர் வந்த இளைஞரும் பக்கத்தில் நின்று பார்த்தார். அவரை நான்தான் நிற்கச் சொன்னேன். அவர் குழாயைத் தொட்டுப் பார்த்து அளவு சொல்லிப் பழகியவர். தராசு வைத்து யாரும் அவருக்குக் காட்டவில்லை. இத்துறைக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் ஊரில் திருத்துகிறவரிடம் அதைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் கோபிப்பார் என்று நினைக்கிறோம். பிள்ளையைத் தனியார் வகுப்புக்கு அனுப்பும்போது ஆசிரியரின் தகைமையை விசாரிப்பவர்கள்தான் நாம்.

வெளி இயந்திரத்தை வீட்டின் மேற்குப் பக்கம், கூரைத் தாழ்வாரத்தின் கீழ் மாற்றினோம். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவ வேண்டும் என்றான் மாணவன். ஒட்டிய சுருள் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்டதற்கு, "கடல் விட்டா ரெண்டு மூணு வருசம்" என்று சிரித்தான்.

அன்று பிற்பகல் அளந்தேன். உள்ளே போவது 29, வெளியே வருவது 18. ஆனால் அறை 27க்குக் கீழே இறங்க மறுத்தது. இயந்திரத்தில் இனிக் குறையில்லை. குறை அறையில் இருந்தது, இன்னும் சரியாகச் சொன்னால் எங்கள் பண்பாட்டில் இருந்தது.

12,000 அலகு ஏசியை ஒரு தொன் என்பார்கள். அமெரிக்கத் தொன், 907 கிலோ. அவ்வளவு ஐஸை ஒரு நாளில் உருக்கத் தேவையான வெப்பத்தை அது வெளியேற்றும். கணக்கிட்டால் மூன்றரைக் கிலோவாற்று. மீன்வாடிகளில் ஐஸ் இறக்குகிறவர்களுக்கு அந்தக் குவியல் எவ்வளவு பெரிதென்று தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரின் உடல் சுமார் 100 வாற்று வெப்பத்தை வெளியேற்றுகிறது. நோயாளியைப் பார்க்க வரும் பெண்கள் அஸருக்குப் பின் பத்துப் பேர் உம்மாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தால் ஒரு கிலோவாற்று. போதாததற்கு, வருவோரும் போவோருமாகக் கதவு மூடப்படுவதேயில்லை. யன்னலுக்கு மேலே பழைய காற்றோட்டத் துவாரங்கள் வேறு. மேலே அஸ்பெஸ்டஸ்.

துவாரங்களை ரெஜிபோம் வெட்டி அடைத்தோம். கூரைக்குக் கீழே சீலிங் அடிக்க மச்சான் அறுவடைப் பணம் வரட்டும் என்றார். அது அந்த வருடமே நடந்தது. வருகிறவர்களை என்ன செய்வது? நோய் விசாரிக்க வருகிறவர்களிடம் இருவர் இருவராக வாருங்கள் என்று சொல்ல ராத்தாவுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் ஊரில் அது வேறு கதையாகியிருக்கும். உம்மாவும் விடமாட்டார். அடைத்த அறைக்குள் நாள் முழுதும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டுக் கிடப்பவருக்கு அந்தப் பத்துப் பேரின் பேச்சுத்தான் மருந்து. வேர்க்குரு ஒரு கிழமையில் அடங்கிவிட்டது. முதுகில் புண் வரவில்லை.

இப்போது ராத்தா ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார். உச்சி வெயிலில் கதவு மூடியிருக்கும், ஏசி ஓடும். அஸர் பாங்கு சொன்னதும் ஏசியை நிறுத்தி யன்னலைத் திறந்து வைப்பார். கடலிரைச்சல் கேட்கும், ஆட்கள் வருவார்கள். மஃரிபுக்குப் பிறகு அவர்களெல்லாம் எழுந்து போனதும் உம்மாவே சொல்வார், "புள்ள, அந்தச் சாமானப் போடு" என்று.