வண்டி ஏன் நின்றது?

பட்டணத்தில் குடியிருக்கிற நம்மில் அநேகர் இருசக்கர வாகனத்தை நம்பித்தான் அன்றாடப் பிழைப்பை நடத்துகிறோம். அது காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஒரு வாலிபனுக்கு வேலையே போய்விட்டது. அந்தக் காரியத்தில் என் பங்கு என்ன என்பதை இத்தனை வருடங்களில் நான் எந்தப் பிரசங்க மேடையிலும் சொன்னதில்லை.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி மும்பையில் பெய்த மழையை அன்று அங்கே இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு கரைபுரண்டது. தாராவியில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையின் வாசலில் நிறுத்தியிருந்த என் பழைய ஸ்பிளெண்டர் வண்டி, பெட்ரோல் டேங்க்கின் மூடி மறையும் மட்டும் தண்ணீரில் நின்றது.

தண்ணீர் வடிந்ததும் நான் செய்த முதல் வேலை, கிக்கரை ஓங்கி மிதித்தது. வேதாகமக் கல்லூரியில் எனக்குக் கிரேக்க வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றக் கற்றுக்கொடுக்கவில்லை. கிக்கர் பாதியில் கல்லைப்போல் நின்றுவிட்டது. இரண்டு வாலிபரை அழைத்து, கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாம் என்று ஆயத்தமானபோது, எங்கள் சந்தில் இருந்த மெக்கானிக் ஓடிவந்து தடுத்தார். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கிறது என்றார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தால் உள்ளே இருக்கிற கனெக்டிங் ராடு வளைந்துபோகும், பிறகு இன்ஜினையே பிரிக்கவேண்டும் என்றார். அவர் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்தபோது சேற்றுத் தண்ணீர் பீறிட்டு வந்தது. இன்ஜின் ஆயிலை இறக்கினார். பால் ஊற்றிய தேநீரைப்போல் இருந்தது. இரண்டுமுறை ஆயில் மாற்றி, கார்புரேட்டரையும் டேங்க்கையும் கழுவி, வண்டியை ஓடவைத்தார். நான் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்க்குக்குள் எப்படித் தண்ணீர் போயிற்று என்று கேட்டேன். "மூடி வழியாகத்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, 2006 ஜூன் மாதம், மழை தொடங்குமுன் மூடியைத் திறந்து உட்புறத்தை ஆராய்ந்தேன். குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. "இதோ, திருடன் நுழைகிற வாசல்!" என்று எண்ணி, குழாய் ஒழுகலுக்குப் பூசும் எம்-சீலை உருட்டி அதை அடைத்தேன். என் மனைவியிடமும் காண்பித்தேன். அதற்குப் பின்பு அதை அறவே மறந்துபோனேன். வண்டியும் ஒரு குறையும் காட்டவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் சபைக்கு வரும் வாலிபன் ஒருவனுக்கு, சாக்கிநாக்காவில் உள்ள ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அக்காள் வீட்டு மச்சில் படுத்துக்கொண்டிருந்தவன். லைசென்ஸ் இருந்தது, வண்டி இல்லை. ஒரு வாரம் வேலை பார்க்கட்டும், சரியாய் இருந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். "என் வண்டியை எடுத்துக்கொள் தம்பி" என்றேன். அதை நாலு பேர் கேட்கும்படிதான் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் 40 நிமிஷம் தாமதமாய்ப் போனான். இரண்டாம் நாள் ஒரு மணி நேரம். மூன்றாம் நாள் அவர்கள், "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தான். சயான் தாண்டியதும் வண்டி நின்றுவிடுகிறது, அரைமணி நேரம் கழித்து மிதித்தால் ஓடுகிறது, மறுபடியும் நின்றுவிடுகிறது என்றான்.

என் வீட்டில் அப்பொழுது விசுவாசிகள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே வந்து, பெட்ரோல் போட்டானோ இல்லையோ என்ற சந்தேகத்தில் மூடியைத் திறந்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்டும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. டேங்க் விளிம்பு மட்டும் நிறைந்திருந்தது. மூடியைப் பூட்டிக் கிக்கரை மிதித்தேன். இரண்டாம் மிதியில் இன்ஜின் ஓடியது.

"எனக்கு ஓடுகிறதே? நேரத்துக்கு எழும்பாமல் வண்டியின்மேல் பழி போடுகிறாயா?" என்றேன்.

"இல்லை பாஸ்டர். நான் ஓட்டினால் நிற்கிறது."

"அப்படியானால் உன் கைதான் சரியில்லை."

அவன் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்தான். சட்டைப் பையிலிருந்து 200 ரூபாயை எடுத்து, "ரிப்பேர் ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், பாஸ்டர்" என்று சாவியின் அடியில் வைத்துப் போய்விட்டான். நான் அந்தப் பணத்தை எடுத்துவைத்துக்கொண்டேன்.

அதன்பின் ஒன்பது நாள் நான் வண்டியைத் தொடவில்லை. பத்தாம் நாள் செம்பூரில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் புறப்பட்டேன். சயான் சர்க்கிள் தாண்டினதும் இன்ஜின் இரண்டுமுறை இருமி அடங்கிற்று.

மழை தூறிக்கொண்டிருந்தது. முந்தின வருடம் பார்த்துக் கற்றதை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செய்தேன். வாசகர்களுக்கும் உதவும் என்பதால் சொல்லுகிறேன். பெட்ரோல் இன்ஜின் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: பொறி, காற்றோடு கலந்த பெட்ரோல், அமுக்கம். கிக்கரை மிதிக்கையில் காலில் நல்ல எதிர்ப்பு தெரிந்ததால் அமுக்கம் உண்டு என்று அறிந்தேன். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் தொடும்படி வைத்து மிதித்தேன்; நீலநிறப் பொறி பாய்ந்தது. (பிளக் துவாரத்தின் அருகில் பெட்ரோல் சிந்தியிருந்தால் இதைச் செய்யாதீர்கள்.) பிறகு பிளக்கின் நுனியைத் தொட்டுப் பார்த்தேன். நுனி நனைந்திருந்தால் பெட்ரோல் அளவுக்குமிஞ்சி வந்திருக்கிறது. துடைத்துக் காயவைத்து, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து மிதிக்கவேண்டும். என் பிளக்கோ எலும்பைப்போல் உலர்ந்திருந்தது. டேங்க் நிறையப் பெட்ரோல், சிலிண்டரில் ஒரு சொட்டும் இல்லை! பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினேன், சோக்கை இழுத்தேன், முப்பது தடவை மிதித்தேன். கோபத்தில் மிதித்தவை அந்தக் கணக்கில் இல்லை. அப்பொழுதுதான், "நான் ஓட்டினால் நிற்கிறது" என்ற அந்தக் குரல் எனக்குக் கேட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு, சாலையோரத்தில் தார்ப்பாயின்கீழ் உட்கார்ந்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் போனேன். இருபது வயதுகூட இராது. இந்திக்காரப் பையன். அவன் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினான். பெட்ரோல் நாலு சொட்டு சொட்டி நின்றுவிட்டது. குழாயைக் கையில் பிடித்தபடியே டேங்க்கின் மூடியைத் திறந்தான். 'புஸ்' என்றது. உடனே பெட்ரோல் தாரையாய்க் கொட்டிற்று. மூடியைத் திருப்பிப் பார்த்தான்.

"பாய்சாப், இதை யார் வைத்தது?"

நான்தான் என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவன் ஸ்க்ரூடிரைவரால் எம்-சீலைச் சுரண்டி, மெல்லிய கம்பியைத் துளையில் விட்டெடுத்தான். மூன்று நிமிஷ வேலை. அந்த வண்டியில் பெட்ரோலைத் தள்ளுவதற்கு பம்ப் கிடையாது. தன் பாரத்தினாலேயே கீழே இறங்குகிறது. இறங்கும் அளவுக்கு மேலே காற்று நுழையவேண்டும். நுழையாவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். சற்றுநேரம் நின்றால் இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் காற்று கசியும், வண்டி மறுபடியும் சிறிது தூரம் ஓடும்.

இரண்டு மாதமாக எனக்கு ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். எவ்வளவு பெட்ரோல் போடுவீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். ஒரு லிட்டர், சில நாள் அரை லிட்டர் என்றேன். பையன் சிரித்தான். டேங்க்கில் முக்கால்பங்குக்குமேல் காற்றாய் இருந்தால், பிடிப்பு ஏற்படப் பத்துக் கிலோமீட்டராவது ஆகும். நானோ தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே ஓட்டுகிறவன். டேங்க் நிறைந்திருந்தால் காற்றுக்கு இடமே இல்லை. இரண்டொரு கிலோமீட்டரில் நின்றுவிடும். எப்பொழுதும் ரிசர்வில் ஓடுகிற பாஸ்டரின் வண்டியைத் தன் பணத்தில் நிரப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தானே, அதனால்தான் அவனுக்கு நின்றது. நான் மூடியைத் திறந்து சோதித்தேனே, அதனால்தான் எனக்கு ஓடியது. நான் அவனைப் பொய்யன் என்று தீர்த்த சோதனையே வண்டியைச் சரிசெய்து வைத்திருந்தது!

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. சாவியைத் திருப்பினால் பெட்ரோல் பம்ப்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். சிவப்பு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அநேகர் இதை விட்டுவிட்டு மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். ஆனாலும் டேங்க்குக்குள் காற்று நுழைய வழி இன்றும் வேண்டும். ஓடுகிற வண்டி நின்றால், நிறுத்தி, சற்று ஆறவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே காற்றை இழுத்து, பின்பு வண்டி ஓடினால், குற்றம் அங்கேதான்.

செம்பூர் ஜெபத்துக்கு நான் போகவில்லை. நேரே அவனுடைய அக்காள் வீட்டுக்குப் போனேன். 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கிற வேலைக்குப் போயிருக்கிறான் என்றாள். அந்தக் கொட்டகையில் அவன் உடைந்த வாளிகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்றான்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கூரியர் அலுவலகத்துக்கு நானே வந்து பேசுகிறேன் என்றேன். "அங்கே ஆள் எடுத்துவிட்டார்கள், பாஸ்டர்" என்றான். 200 ரூபாயை நீட்டினேன். வேண்டாம் என்பான் என்று என் உள்ளத்தின் ஒரு மூலை எதிர்பார்த்தது. அவன் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் போட்ட பெட்ரோலுக்குப் பணம் கொடுக்கவேண்டும் என்பது அப்பொழுது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அக்காளிடம் கொடுத்தேன். அன்று என் வீட்டில் இருந்த இருவரிடமும் ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொன்னேன். சபையார்முன் சொல்லத் துணியவில்லை. அவன் ஆராதனைக்கு மறுபடியும் வந்தது கிறிஸ்துமஸ் அன்றுதான்.

அன்று கொட்டகையைவிட்டு நான் புறப்படுகையில் அவன் பின்னாலேயே வந்தான். "அந்தத் துளை எங்கே இருக்கிறது, பாஸ்டர்?" என்று கேட்டான். சாவியைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து, கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, அதன் உட்புறத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.