ஒற்றியூர் நீங்கலாக!

திருவொற்றியூரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாம்? தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி கோயில் வரை போர்டுகளைப் படித்துக்கொண்டே நடங்கள். முதல் 'டி'க்குப் பக்கத்தில் 'எச்' உண்டா, நடுவில் ஒரு 'டி'யா இரண்டா, 'ஆர்' எட்டிப் பார்க்குமா... கடைக்குக் கடை தனிக் கொள்கை! 2020-ல் அரசாங்கமே 1018 ஊர்களுக்குப் புது இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டு ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே வாபஸ் வாங்கிக்கொண்டது. சர்க்காருக்கே அந்தக் கதி!

தேரடி டீக்கடையில் ஒரு பையன். முகத்தில் ஈயாடவில்லை. லா காலேஜுக்கு ஆன்லைனில் அப்ளிகேஷனைத் தட்டிவிட்டான். தட்டின பிறகுதான் கண்ணில் பட்டதாம், ஊர்ப் பெயரில் ஆதாரில் இல்லாத ஒரு 'எச்'. முன்னால் நிற்கவேண்டிய இனிஷியல் பின்னால் போய் நிற்கிறது. வீட்டில் இவன்தான் முதல் பட்டதாரி. மூணு நாளாகத் தூக்கமில்லை.

"கடாசிடுவாங்களாண்ணா?"

அவனுக்குப் பதில் சந்நிதிக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஊர் சுவாமிக்கு 'எழுத்தறியும் பெருமான்' என்று ஒரு பெயர். மாந்தாதா என்கிற ராஜா, கோயில்களின் படித்தரத்தைக் குறைத்து ஓலை எழுதினாராம். எழுதி முடித்த ஓலையில், இரண்டு வரிக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று யாரோ செருகியிருக்கிறார்கள். யாரோ என்ன, சுவாமியேதான்! சப்மிட் ஆன பிறகு இடைச்செருகல் செய்து, அதுவும் செல்லுபடியான கேஸ் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அடுத்த கேஸ் மகிழ மரத்தடியில். சங்கிலியாரைக் கல்யாணம் செய்ய, 'உன்னைப் பிரியேன்' என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரம் நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும் என்று சிவனிடமே டீல் பேசினார் மனுஷன். சிவன் என்ன செய்தார்? சங்கிலியாரின் கனவில் போய், மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார்! பிறகு சுந்தரர் திருவாரூர் ஞாபகத்தில் ஊர் எல்லையைத் தாண்ட, இரண்டு கண்ணும் போயிற்று. மாசித் திருவிழாவில் இன்றும் மகிழடி சேவை நடக்கிறது.

"தம்பி, அப்ளிகேஷன் கடைசியில 'மேலே சொன்னதெல்லாம் உண்மை'ன்னு ஒரு வரி இருக்கே, அதான் உன் மகிழ மரம். மார்க்கு, ஜாதி, பிறந்த தேதி சரியா இருக்கா?"

"இருக்குண்ணா."

"அப்ப 'எச்'சுக்காக யாரும் கண்ணைப் பிடுங்க மாட்டாங்க. இப்பவே யூனிவர்சிட்டிக்கு ஒரு மெயில் போட்டுடு. கவுன்சலிங்குக்கு ஒரிஜினலோட அந்தக் காப்பியையும் எடுத்துட்டுப் போ."

கவலைப்பட வேறு விஷயம் இருக்கிறது. 1891-ல் ஆரம்பித்த சட்டக் கல்லூரி, பாரிமுனையில் ஹைகோர்ட்டை ஒட்டியே இருந்தது. ராயபுரத்துப் பையன் நடந்தே போகலாம். 2008-ல் மாணவர் மோதல், விசாரணைக் கமிஷன், கடைசியில் 2018-ல் கல்லூரியை இரண்டாக்கி, ஒன்றைக் கேளம்பாக்கம் பக்கம் புதுப்பாக்கத்துக்கும், இன்னொன்றைத் திருவள்ளூர் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

வக்கீல் தேவைப்படுவதோ இந்தப் பக்கம்தான். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படலம். அதே மாதம் 26-ம் தேதி ராத்திரி அமோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டையும் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே கையில் எடுத்தது. மீனவர் தரப்பைப் பேச, வலையும் படகும் தெரிந்த வக்கீல் இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

பையன் எண்ணூர் பக்கமாம். பட்டரைப்பெரும்புதூருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டேன். இன்னும் விசாரிக்கவில்லையாம்.